இடது பக்கம் திரும்பிய லொறி

1

கோபப்படுவதற்கு எங்களுக்கு ஆறு வாரம் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தபாலில் வந்த கடிதத்தின் பொருள் அதுதான். சொற்கள் மட்டும் மரியாதையானவை. இங்கிலாந்தின் வடக்கே நாங்கள் குடியிருக்கும் சிறு நகரத்து ஆஸ்பத்திரியில் அவசர அறுவைச் சிகிச்சையை நிறுத்திவிட்டு, அதைப் பக்கத்து நகரத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆறு வாரத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும். கூடவே எட்டுப் பக்கப் படிவம். முத்திரை ஒட்டத் தேவையில்லாத உறை.

படிவத்தின் நான்காவது கேள்வி இது: இந்த மாற்றம் உங்களையோ உங்கள் குடும்பத்தையோ எந்த அளவுக்குப் பாதிக்கும்? கீழே ஐந்து கட்டங்கள். 'பாதிக்காது' என்பதில் தொடங்கி 'மிகவும் பாதிக்கும்' என்பதில் முடிகின்றன.

அந்தக் கடிதம் வந்த செவ்வாய்க்கிழமை என் தங்கை புஷ்பம் இறந்து சரியாக ஒரு வருடம். ஆங்கிலத் தேதிப்படி. திதிப்படி அது பதினொரு நாள் முன்பே வந்து போய்விட்டது. நான் இரண்டையும் குறித்து வைப்பவன். போன வருடம் அந்த நாள் திங்கட்கிழமை. மாசி மாதத்துப் பௌர்ணமிப் போயாவுக்கு முதல் நாள். மலைநாட்டில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கு அருகிலுள்ள எங்கள் டவுன் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக் கூடத்தைப் பூட்டி அப்போது ஐந்து மாதமாகியிருந்தது. அங்கே யாருக்கும் எட்டுப் பக்கப் படிவம் வரவில்லை. கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள், அதுவும் சிங்களத்தில் மட்டும்.

அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் விசாரணை என்று யாராவது வருவார்கள். வந்து, அங்கே தனியாக நின்று மாரடிக்கிற இரண்டு தாதிமாரைப் பிடிப்பார்கள். படிக்கிற நீங்கள் உங்கள் ஊர் ஆஸ்பத்திரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிழை வராது.

2

நான் இங்கே ஒரு பஸ் கம்பனியில் நேர அட்டவணை போடுகிறவன். எந்த வண்டி எந்தத் தரிப்பிடத்தை எத்தனை மணிக்குக் கடக்கும் என்று எழுதுவதுதான் என் சோறு. புஷ்பத்தின் கடைசி நாளையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அவள் புருஷன் யோகன் மச்சான், பக்கத்து வீட்டு மேரி அக்கா, தோட்டத்து லொறி ஓட்டும் செபஸ்தி அண்ணன் ஆகிய மூன்று பேரிடமும் தனித்தனியாகப் போனில் கேட்டு, ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்பிட்டு எழுதியது. ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்த இடங்களைத் திரும்பக் கேட்டேன். மேரி அக்கா ஒரு தடவை ஏசினார்: "செத்தவள திரும்பத் திரும்ப லொறியில ஏத்துறீங்களே தம்பி."

ஏற்றத்தான் வேண்டியிருந்தது.

காலை ஏழு மணிக்குப் பெரட்டு. அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் களத்தில் புஷ்பம் கொழுந்துக் கூடையோடு நின்றாள். வயது முப்பத்தாறு. இரண்டு பிள்ளைகள். மூன்றாவது தரித்திருந்தது அவளுக்கே சரியாகத் தெரியாது. அடிவயிறு வலிக்கிறது, தோள்பட்டையும் வலிக்கிறது என்று சொன்னாள். கங்காணி சிரித்தார்.

"என்ன புஷ்பம், கூடையப் பாத்ததுமே தோள்பட்ட வலிக்குதா?"

"ஆமாங்க கங்காணி. ஒங்களப் பாத்தா தலையும் வலிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்தபடியே தரையில் உட்கார்ந்தாள்.

கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கி, அது வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் பெருகினால் தோள்பட்டையில் வலி வரும். இதை நான் இந்த ஊர் நூலகத்தில் ஒரு மருத்துவப் புத்தகத்தில் படித்தேன், அவளை அடக்கம் செய்து இரண்டு வாரம் கழித்து. கொழுந்து பறிக்கிற பெண்ணுக்குத் தோள்பட்டை வலி என்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? வலிக்காதவள்தான் அங்கே நோயாளி.

எட்டு மணிக்கு டிஸ்பென்சரி திறந்தது. எட்டு இருபதுக்கு டிஸ்பென்சர் ஐயா துண்டு எழுதினார். துண்டு என்றால் தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்திலிருந்து நோயாளியை வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டு. துண்டு இல்லாமல் லொறி கிளம்பாது. துண்டில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் லொறி போகும். அங்கே துண்டின் பின்பக்கம் முத்திரை குத்தி வாங்கி வந்தால்தான் சுகயீன லீவு. அரசாங்க ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கலாமே என்று இங்கே என்னிடம் கேட்டவர்கள் உண்டு. லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், போன் சிக்னல் இல்லை. சிக்னலுக்கு மேல் ரோட்டுச் சந்திக்கு ஏற வேண்டும். நடக்க முடியாதவளைச் சந்திக்கு ஏற்ற லொறி வேண்டும். லொறிக்குத் துண்டு வேண்டும்.

எட்டு முப்பத்தைந்துக்கு, மச்சானும் மேரி அக்காவும் கூட ஏற, லொறி கிளம்பியது. எட்டு ஐம்பத்தைந்துக்குச் சந்தி. அந்தச் சந்தியில் இடது பக்கம் திரும்பினால் ஐம்பது நிமிடத்தில் எங்கள் டவுன். வலது பக்கம் திரும்பினால் நானுஓயா வழியாக நுவரெலியா, ஒன்றேகால் மணித்தியாலம். நுவரெலியாவில் கூடம் திறந்திருக்கிறது. டவுனில் பூட்டியிருக்கிறது. லொறியில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். தயவுசெய்து இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள். எல்லோருக்கும் தெரியும்.

மேரி அக்கா பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னார்: "அண்ணே, வலப்பக்கம் போட்டு நேரா நுவரெலியாவுக்கே விட்ருவோமா? டவுன்ல தியேட்டர் பூட்டிக் கெடக்குதுல்ல."

"தெரியும் தாயி," என்றார் செபஸ்தி அண்ணன். "துண்டுல டவுன்தானே இருக்கு. நான் என்னா செய்ய?"

புஷ்பம்தான் சொன்னாள்.

"துண்டுல இருக்கிற எடத்துக்கே போங்கண்ணே. பொறகு ஒங்களுக்குத்தான் ஏச்சு."

லொறி இடது பக்கம் திரும்பியது.

பத்து ஐந்துக்கு ஒரு இளம் சிங்கள டொக்டர் அவள் வயிற்றில் கை வைத்தார். வைத்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டார். சேலைன் ஏற்றினார்; அங்கிருந்த இரத்தத்தைக் கொடுத்தார்; தானே போன் எடுத்து நுவரெலியாவோடு பேசினார். மச்சானிடம் கையை விரித்து, "தியேட்டர் வஹலா" என்றார். பூட்டியிருக்கிறது. அவர் கண் கலங்கியிருந்தது என்று மச்சான் இன்றும் சொல்கிறார்: "அந்தப் புள்ள மனுசன்தாங்க." கூடத்தின் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே மெத்தைகளை அடுக்கி வைத்திருந்தது தெரிந்ததாம். மெத்தைகளுக்கு மேலே பெரிய வட்ட விளக்கு. சுவரில் திறப்பு விழாக் கல், மூன்று மொழியில், யார் யார் கலந்து சிறப்பித்தார்கள் என்று. திறந்ததற்குக் கல்வெட்டு. பூட்டியதற்கு ஒட்டின தாள்.

ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஏற்கெனவே ஒரு பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு வெளியே போயிருந்தது. கூடத்தைப் பூட்டினால் எல்லா அவசரமும் ரோட்டுக்குத்தானே வரும். அது திரும்பி வந்து இவளை ஏற்றும்போது பதினொன்று ஐந்து. பதினொன்று ஐம்பத்தைந்துக்கு அதே சந்தி. புஷ்பம் கண்ணைத் திறந்து கேட்டாள்.

"எங்க இருக்கோம்?"

"நம்ம சந்தி," என்றார் மேரி அக்கா.

"அப்ப வீட்டுக்கா போறோம்?"

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. சிவனொளிபாத மலை யாத்திரை சீசன். மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிற பஸ்கள் எதிரே வரிசையாக வந்துகொண்டிருந்தன, கொடி கட்டி, பாட்டுப் போட்டு. வளைவுக்கு வளைவு ஆம்புலன்ஸ் ஒதுங்கி நின்றது. நானுஓயாவில், ஸ்டேசனுக்குத் திரும்பும் இடத்தில், பன்னிரண்டு ஐம்பதுக்கு முடிந்தது.

லொறி முதலிலேயே வலது பக்கம் திரும்பியிருந்தால் பத்து பத்துக்கு நுவரெலியா வாசல். டவுனில் டொக்டர் அவள் வயிற்றில் கை வைத்தபோது அவள் நுவரெலியாவுக்கு ஐந்து நிமிடத் தூரத்தில் இருந்திருப்பாள். இது என் தொழில். இதில் நான் பிழை விடுவதில்லை.

3

இங்கே கடிதம் வந்த பத்தாம் நாள், வியாழக்கிழமை மாலை, தேவாலய மண்டபத்தில் பொதுக் கூட்டம். போனேன். இருநூறு நாற்காலி போட்டிருந்தார்கள், போதவில்லை. ஆஸ்பத்திரி நிர்வாகத்திலிருந்து வந்தவர் திரையில் படம் போட்டு விளக்கினார். பக்கத்து நகரத்துக்கு ஆம்புலன்சில் இருபத்திரண்டு நிமிடம்தானாம். அங்கே நிபுணர்கள் அதிகமாம். ஆகவே இது இழப்பு அல்ல, மேம்பாடாம்.

ஜனங்கள் கத்தினார்கள். எழுபது வயதுக் கிழவி ஒருத்தி எழுந்து, அவரைப் பார்த்து வெட்கமில்லையா என்று கேட்டாள். பின்வரிசையில் யாரோ தட்டியில் எழுதிப் பிடித்திருந்தார்கள். அவர்கள் கத்தியதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பொறாமையாக இருந்தது. இவர்களுக்குக் கத்தப் பழக்கமிருக்கிறது. கத்தினால் ஒருவன் குறிப்பு எடுக்கிறான். எங்கள் டவுனில் கூடத்தைப் பூட்டிய ஐந்து மாதத்தில், எனக்குத் தெரிந்து, ஒரு தொழிற்சங்கம் ஒரு கோரிக்கை மகஜர் கொடுத்தது. அதிகாரி அதை வாங்குவது போலப் படம் எடுத்தார்கள். படம் எனக்கும் வாட்ஸ்அப்பில் வந்தது. எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள்.

நான் கையைத் தூக்கினேன். இருபது பேருக்குப் பிறகு ஒலிவாங்கி வந்தது.

"அந்த இருபத்திரண்டு நிமிடம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு எடுத்தது?" என்று கேட்டேன்.

அவர் தாள்களைப் புரட்டினார். பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அந்த ரோட்டில் எங்கள் பஸ்ஸுக்கு நாற்பத்தொரு நிமிடம் என்று சொன்னேன். மண்டபம் கைதட்டியது. பக்கத்தில் இருந்தவர் என் முதுகில் தட்டினார். ஆண்டுக்கணக்காக இந்த ஊரில் இருக்கிறேன், இவர்கள் என் முதுகில் தட்டியது அன்றுதான்.

வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு வந்த ஆத்திரம் அந்த நிர்வாகி மேல் இல்லை. இந்தக் கேள்வியை நான் பிறந்த ஊருக்காக ஒருவரிடமும் கேட்டதில்லையே என்பதுதான். கூடத்தைப் பூட்டினார்கள் என்ற செய்தி எனக்கு ஐப்பசியிலேயே தெரியும். மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் வெளிநாடு போய்விட்டார், பதிலுக்கு ஆள் இல்லை என்று மச்சான் சொன்னார். என் குறிப்புப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதினேன், மூடிவைத்தேன். அந்த டொக்டரைத் திட்டவும் எனக்கு வாய் இல்லை. அவர் போன வழிதான் நான் வந்த வழி. நான் கொஞ்சம் முந்திவிட்டேன்.

4

இனி எழுத வேண்டியதை இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கூட்டம் முடிந்த அடுத்த ஞாயிறு மச்சான் ஒரு படம் அனுப்பினார். சின்ன மகளுக்குக் காய்ச்சல், டிஸ்பென்சரியில் துண்டு கொடுத்தார்கள், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று. என் மகள் அனிதா பக்கத்தில் இருந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. என்னோடு தமிழில் தொடங்குவாள், ஆங்கிலத்தில் முடிப்பாள். இந்த ஊர் ஆஸ்பத்திரிப் படிவத்தை எனக்காக இணையத்தில் நிரப்பிக்கொண்டிருந்தவள் அவள்தான். நான்காவது கேள்விக்கு வந்ததும், "இங்கே உங்க தங்கச்சியைப் போடணுமா? அது வேற நாடு இல்லையா?" என்று கேட்டாள். அத்தை என்று சொல்லவில்லை. புஷ்பத்தை அவள் நேரில் கண்டது இரண்டே தடவை; அவளைக் குறை சொல்ல முடியாது. குறை சொன்னேன். அவள் படிவத்தைப் பாதியில் மூடினாள்.

பிறகு அவள்தான் என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள். படத்தைப் பெரிதாக்கினாள்.

"இதுல ஆஸ்பத்திரி பேரு பிரிண்ட் பண்ணியிருக்கே."

"ஆமா."

"வேற ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா எங்கே எழுதுறது?"

"எழுத இடம் இல்ல."

"கீழே என்ன எழுதியிருக்கு?"

படித்துக் காட்டினேன். வெட்டி எழுதிய துண்டு செல்லுபடியாகாது.

"யாருப்பா இதைப் போட்டது? ரொம்ப மோசமான படிவம்."

நான் என்று சொன்னேன்.

இங்கே வருவதற்கு முன் நான் அந்தத் தோட்டத்து ஒபிசில் கிளாக்காக இருந்தவன். அப்போது துண்டில் ஆஸ்பத்திரியின் பெயருக்கு வெறும் கோடுதான் இருந்தது. டிஸ்பென்சர் கையால் எழுதுவார். அவர் எழுத்து கோழி கிளறினது போல. ஒரு தடவை பாம்பு கடித்தவரை அந்த எழுத்தால் வேறு திசைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உயிர் தப்பியது, ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காலத்தில் டவுன் ஆஸ்பத்திரியில் எல்லாம் இருந்தது: சத்திரசிகிச்சை டொக்டர், மயக்க மருந்து டொக்டர், நாள் முழுக்கத் திறந்த கூடம். ஆகவே கோட்டை எடுத்துவிட்டு அங்கே அந்த ஆஸ்பத்திரியின் பெயரையே தடித்த எழுத்தில் அச்சடிக்கக் கொடுத்தேன். சிலர் துண்டைத் திருத்தி லீவு எடுக்கிறார்கள் என்று தோட்டத்து மனேஜர் துரை முறைப்பட்டிருந்தார். அதற்காகக் கடைசி வரியையும் நான்தான் சேர்த்தேன். துரை பார்த்துவிட்டு, இனிமேல் ஒருவனும் தவற முடியாது என்றார். அந்தப் பாராட்டை அன்றைய தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். போய்ப் பார்த்தேன். இருக்கிறது.

அந்தத் துண்டுக் கட்டு முடிந்ததும் அதே மாதிரியை வைத்துத் திரும்ப அடித்திருக்கிறார்கள். கூடம் பூட்டிய சுற்றறிக்கை தோட்டத்து ஒபிசுக்கு வந்தது, ஃபைல் கோவையில் போட்டார்கள். டிஸ்பென்சர் ஐயாவிடம் மச்சான் பிறகு கேட்டாராம், நுவரெலியா என்று எழுதியிருக்கலாமே என்று. அவர் சொன்னது: "வெட்டி எழுதினா துண்டு செல்லாதுன்னு அச்சுல இருக்கே தம்பி. நான் எப்புடி எழுதுவேன்?"

நான் புத்தகம் படிக்கிறவன். பழைய தோட்டத் துரைமார் எழுதிய நினைவுக் குறிப்புகள் இந்த ஊர் நூலகத்தில் கிடைக்கின்றன. அவற்றில் எங்கள் ஆட்கள் காய்ச்சலில் விழுவது மழை பெய்வது போல, யாரும் செய்யாத காரியமாக எழுதப்பட்டிருக்கும். அந்தப் பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் ஏசி எழுதியிருக்கிறேன், நூலகப் புத்தகம் என்றும் பாராமல். இப்போது அந்த ஏச்சுக்கு நானும் உரியவன். சொன்ன இடத்துக்குத்தான் போவோம் என்று எங்கள் ஆட்களைப் பழக்கியவர்கள் பலர். அதை அச்சில் ஏற்றியவன் நான்.

நல்லதுக்குத்தானே செய்தீர்கள் என்று அனிதா சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். அவள் கேட்டது வேறு.

"இன்னும் அதே படிவத்தைத்தானே குடுக்கிறாங்க?"

5

அதைத்தான் பிறகு மாற்றப் பார்த்தேன். புஷ்பத்துக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை. அந்தக் கோட்டைத் திரும்ப வைக்கலாம். அடுத்து லொறியில் ஏறுகிற ஆளாவது சந்தியில் சரியான பக்கம் போகலாம்.

தோட்டத்து ஒபிசுக்கு எழுதினேன். நான் யார், அந்தப் படிவத்தில் என் பங்கு என்ன, என்ன மாற்ற வேண்டும் என்று ஒரே பக்கத்தில். பதினேழாம் நாள் பதில் வந்தது. சம்பந்தப்பட்ட ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சைப் பிரிவு மூடப்படவில்லை, மறு அறிவித்தல் வரை தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டுள்ளது. ஆகையால் படிவத்தை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. இதை எழுதியவனை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வசனத்தைத் தெரியும். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இப்படி எழுதியவன்தான்.

சுகாதாரப் பக்கத்து அலுவலகம் ஒன்றுக்கும் எழுதினேன். இறந்தவரின் சகோதரர் என்பதற்கு அத்தாட்சி அனுப்பும்படி கேட்டார்கள். அனுப்பினேன். வெளிநாட்டில் வசிப்பவர் உள்நாட்டிலுள்ள ஒருவர் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். மச்சான் ஊடாக அனுப்பினேன். மச்சான் ஒருநாள் வேலையை விட்டுவிட்டுப் போய் மூன்று மணி நேரம் நின்று கொடுத்தார். கொடுத்ததற்கு அத்தாட்சி கேட்டிருக்கிறார். அப்படி ஒன்று கொடுப்பதில்லையாம்.

"என்ன மச்சான் சொன்னாங்க?"

"வெயில்ல நிக்காதீங்க, அந்தப் பக்கம் போயி நில்லுங்கன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

இங்கே இருபத்திரண்டு நிமிடத்தைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு நான்கு பக்கத்தில் பதில் வந்துவிட்டது. மழுப்பல்தான். ஆனால் என் பெயரைச் சொல்லி, நன்றி சொல்லி மழுப்பியிருந்தார்கள்.

6

போன சனிக்கிழமை பின்னேரம் செபஸ்தி அண்ணன் கூப்பிட்டார். அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சந்தியில் நின்று பேசுகிறார் என்று காற்றுச் சத்தத்தில் தெரிந்தது.

"என்னாங்க தம்பி, அங்க குளிருதுங்களா?"

"குளிருதுண்ணே."

"அட்ட இருக்கா அங்க?"

"அட்டை இல்லண்ணே. படிவம் இருக்கு."

"அப்பச் சரி. ரெத்தம் உறிய ஏதாச்சும் வேணும்ல." சிரித்தார். "ஒரு காயிதம் எழுதணுங்க. இங்கிலீசுல. நீங்க பழைய கிளாக்கர் ஐயாதானே."

விசயம் இது. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை காலையில் மூன்றாம் லயத்துத் தங்கவேலுவுக்கு வயிறு பிடித்துக்கொண்டது. சுருண்டு கிடந்தான். டிஸ்பென்சரியில் வழக்கம்போலத் துண்டு கொடுத்தார்கள், வழக்கம்போல டவுன் என்று அச்சடித்தது. தங்கவேலுவின் பெண்சாதி லொறியின் பின்னால் அவனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சந்திக்கு வந்தேங்க தம்பி. வந்து லொறிய நிப்பாட்டுனேன். துண்ட எடுத்துப் பாத்தேன். எனக்கு வாசிக்க வராது, ஒங்களுக்குத் தெரியும். ஆனா அது எந்த எடம்னு பாத்தாலே தெரியும், அம்புட்டு வருசம் பாத்த துண்டு. 'என்னாண்ணே நிப்பாட்டிட்டீங்க'ன்னு அந்தப் புள்ள கேக்குது. என்னாத்த சொல்ல? புஷ்பம் சொன்னதுதான் காதுல கேக்குது. பொறகு ஒங்களுக்குத்தான் ஏச்சுன்னு சொல்லுச்சுல்ல. சரி, ஏசட்டும்னு வலப்பக்கம் போட்டேன்."

நுவரெலியாவில் அன்று பகலே வயிற்றைத் திறந்தார்கள். குடல்வால் வெடிக்கிற கட்டத்தில் இருந்ததாம். தங்கவேலு இப்போது வார்டில் கஞ்சி குடிக்கிறான். கஞ்சியில் உப்பு இல்லை என்று தாதியோடு சண்டையும் பிடிக்கிறான். துண்டின் பின்பக்கம் வேறு ஆஸ்பத்திரி முத்திரை விழுந்ததால் அவனுக்கு லீவு இல்லை. செபஸ்தி அண்ணனுக்குக் கடிதம். துண்டில் குறிப்பிட்ட இடத்துக்கு அல்லாமல் வேறு இடத்துக்குத் தோட்ட வாகனத்தைச் செலுத்தியது ஏன் என்று மூன்று நாளைக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். திருப்தியில்லாவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை. ஓய்வுக்கு ஒன்றரை வருடம் கிடக்கிறது அவருக்கு.

"மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்தா விட்ருவாங்கன்னு சொல்றாங்க," என்றார்.

"கேக்கணுமாண்ணே?"

"நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க."

"நான் படிச்சு எழுதினதாலதானேண்ணே இவ்வளவும்."

துண்டை அச்சடித்தவன் நான் என்பது அவருக்கு என்றைக்கும் தெரியும். ஒரு வருடமாக நான் நிமிடம் நிமிடமாகத் துருவித் துருவிக் கேட்டபோதெல்லாம், தெரிந்துகொண்டே பதில் சொல்லியிருக்கிறார். "மன்னிப்பு வேணாங்க தம்பி," என்றார் கடைசியில். "நடந்தத அப்புடியே எழுதுங்க. மணி போட்டு எழுதுங்க. நீங்கதான் மணி போட்டு எழுதுவீங்களே."

அனிதா தட்டச்சு செய்தாள். தனியாக ஒரு கடிதம் என் பெயரில் இணைத்திருக்கிறேன்: அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் நான், அது பிழையானது, அதை நம்பிப் போனவள் என் தங்கை, பிழையான துண்டுக்குக் கீழ்ப்படியாதவர் மேல் நடவடிக்கை எடுப்பதென்றால் முதலில் என் பெயரிலிருந்து தொடங்குங்கள் என்று. அதை அவர்கள் கோவையில் போடுவார்கள், எனக்குத் தெரியும். ஆகவே இங்கேயும் எழுதுகிறேன். இதைப் படிக்கிற எந்தத் தோட்டத்து ஒபிசிலும் இப்படி ஒரு துண்டு இருந்தால், ஆஸ்பத்திரி பெயரைப் பேனையால் வெட்டுங்கள். செல்லும்.

செபஸ்தி அண்ணனின் விளக்கம் திங்கட்கிழமை காலை ஒபிசில் கொடுக்கப்பட்டது. ஆங்கிலத்தில் ஏழு வரி. தமிழில் இது:

செவ்வாய்க்கிழமை காலை எட்டு ஐம்பத்தெட்டுக்கு மேல் ரோட்டுச் சந்தியில் வலது பக்கம் திரும்பினேன். நோயாளிக்கு அவசர அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. அது வலது பக்கம் இருந்தது. நோயாளி உயிரோடு இருக்கிறார். போன வருடம் மாசியில், போயாவுக்கு முதல் நாள் திங்கட்கிழமை எட்டு ஐம்பத்தைந்துக்கு, துண்டில் உள்ளபடி இதே சந்தியில் இடது பக்கம் திரும்பினேன். அந்த நோயாளியின் பெயர் புஷ்பம். அதற்கு இன்றுவரை என்னிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை.